புறநகரில் மடிக்கணினியோடு அமர்ந்து வேலை செய்ய ஏற்ற கஃபேயைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் ஓரிரு நாளாவது வீட்டுக்கு வெளியே ஒரு மேசை தேவைப்படுகிறது. நகரின் மையப் பகுதியில் வசிப்பவர்களுக்கு இது பெரிய காரியமில்லை; ஒரு கஃபேயில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த தெருவிலேயே இன்னொன்று இருக்கும். புறநகரில் அந்த வசதி இல்லை. கஃபேக்கள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி இருக்கின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் மேசை இல்லை, இணையம் இல்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த இடத்துக்குப் போவதற்குள் காலைப் பொழுதின் சுறுசுறுப்பான பகுதி சாலையிலேயே கழிந்துவிடும். அதனால் புறநகரில் கஃபே தேடுகிறவர் வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே பாதித் தேடலை முடித்திருக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ‘எந்தக் கஃபே நல்லது?’ என்று மட்டும் கேட்டால் கிடைக்கும் விடையால் பயன் குறைவு. ‘எந்த நேரத்தில், எந்த வேலைக்கு?’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். புறநகரில் மக்கள் நடமாட்டம் நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. அலை அலையாக வந்து வடிகிறது. காலை பத்து மணிக்கு ஆளரவமற்று இருக்கும் அதே கஃபே, பிற்பகல் நான்கு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளால் நிரம்பி வழியலாம். அந்த அலைகளின் ஒழுங்கைப் புரிந்துகொண்டவருக்குச் சுமாரான கஃபேகூட நல்ல பணியிடமாக அமையும். புரிந்துகொள்ளாதவருக்கு மிகச் சிறந்த கஃபேயும் ஏமாற்றமே தரும்.

முதல் படி: உங்கள் வேலையைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு வாரத்தில் நீங்கள் செய்யும் வேலைகளை எடுத்துக்கொண்டு அவற்றைக் கஃபேக்கு ஏற்றவை, ஏலாதவை என்று பிரித்துவிடுங்கள். வரைவு எழுதுவது, குறிப்புகளைத் தொகுப்பது, வடிவமைப்புக்கான யோசனைகளைத் திரட்டுவது, தேங்கிக் கிடக்கும் மின்னஞ்சல்களுக்குப் பதில் அனுப்புவது ஆகியவை கஃபேயில் நன்றாக நடக்கும். வாடிக்கையாளரின் நிதி விவரங்களைப் பேசும் அழைப்பு, பணியாளர் மதிப்பீடு, நேர்காணல், மருத்துவ அல்லது சட்ட ஆவணங்களைப் பார்ப்பது ஆகியவற்றை எவ்வளவு அமைதியான கஃபேயாக இருந்தாலும் அங்கே கொண்டுபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றுக்கு வீட்டின் ஒரு அறையோ நூலகத்தின் தனியறையோ கட்டணப் பணியிடமோதான் முறை.

இரைச்சலைப் பற்றியும் இந்தக் கட்டத்திலேயே யோசிக்க வேண்டும். ரவி மேத்தா, ஜூலியட் ஜூ, அமர் சீமா ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏறத்தாழ 70 டெசிபல் அளவிலான மிதமான சூழல் ஓசையில் அமர்ந்தவர்கள், 50 டெசிபல் அமைதியில் அமர்ந்தவர்களைவிடப் படைப்பூக்கம் தேவைப்படும் பணிகளில் மேம்பட்டிருந்தார்கள். ஓசை 85 டெசிபலுக்கு உயர்ந்தபோது அந்த நன்மை இல்லாமல் போனது. இதை எல்லா வேலைக்கும் பொருத்திவிடக் கூடாது. புதிய யோசனைகள் வேண்டிய வேலைக்கு மிதமான ஓசை துணை செய்யலாம். கணக்குச் சரிபார்ப்பது, பிழை திருத்துவது போன்ற நுணுக்க வேலைக்கு அதே ஓசை இடையூறாகலாம்.

ஓசையின் அளவைவிட அதன் தன்மை முக்கியமானது. பொருள் புரியும் பேச்சு காதில் விழும்போது, நாம் கேட்க விரும்பாவிட்டாலும் மனம் அதைப் பின்தொடர்கிறது. பலர் ஒரே நேரத்தில் பேசி எழும் கலந்த முணுமுணுப்பு அவ்வளவு இழுப்பதில்லை. புறநகர்க் கஃபேயில் இது அடிக்கடி எதிர்பாராத விளைவைத் தருகிறது. கடையில் நீங்களும் பக்கத்து மேசையில் உரையாடும் இருவரும் மட்டுமே இருந்தால், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும், வேலை ஓடாது. பாதி நிரம்பிய கடையில் அதே இருவரின் பேச்சு பொது ஓசையில் கலந்து மறைந்துவிடும். எனவே ‘காலியாக இருக்கும் கடையே நல்லது’ என்ற முன்முடிவோடு தேடலைத் தொடங்காதீர்கள். ஓசையைக் குறைக்கும் ஹெட்போன்களும் இங்கே ஓரளவுக்கே உதவும். குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஓசையை அவை நன்றாக அடக்குகின்றன, மனிதக் குரலை அந்த அளவுக்கு அடக்குவதில்லை.

இரண்டாம் படி: புறநகரின் நேர அட்டவணையை வரைந்துகொள்ளுங்கள்

பலரும் கடையைப் பற்றி விசாரிக்கிறார்கள், கடை இருக்கும் இடத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. புறநகரில் ஒரு கஃபேக்கு யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் அதன் அண்டை அயலே தீர்மானிக்கிறது.

ரயில் நிலையத்தையோ பேருந்து நிலையத்தையோ ஒட்டிய கஃபேயில் காலை வேலைக்குச் செல்வோர் வரிசையில் நிற்பார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வரிசை நீளமாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மேசைகள் காலியாகவே இருக்கக்கூடும். அலுவலக நேரம் தொடங்கியதும் இத்தகைய கடை சட்டென்று ஓய்ந்துவிடும், மாலை வண்டிகள் வந்து சேரும் வரை அந்த ஓய்வு நீடிக்கும். நீண்ட நேரம் எழுதுபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான்.

பள்ளிக்கு அருகிலுள்ள கஃபேயின் போக்கு வேறு. பிள்ளைகளை விட்டுவிட்டு வரும் பெற்றோர் காலையில் ஒரு மணி நேரம் போல அமர்ந்து பேசுவார்கள், நடுப்பகலில் அமைதி, பள்ளி விடும் நேரத்தில் மறுபடி கூட்டம். இங்கே உங்களுக்கு உரிய நேரம் அந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடைப்பட்ட பொழுது. குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் சிறிய கடை வார நாள்களில் நாள் முழுவதும் மந்தமாக இருந்து வார இறுதியில் நிரம்பும். வணிக வளாகத்துக்குள் இருக்கும் கடையில் இடத்துக்குக் குறைவிருக்காது; ஆனால் வளாகத்தின் பொது ஒலிபெருக்கி, இசை, அறிவிப்பு ஆகியவற்றின் மேல் கடைக்காரருக்கே கட்டுப்பாடு இருக்காது. அங்கே தேடினால் வளாகத்தின் உட்கூடத்தைப் பார்த்து அமைந்த கடையைத் தவிர்த்து, வெளிப்புறம் தனி வாசல் உள்ள கடையைப் பாருங்கள்.

இவற்றைத் தவிர, கஃபே என்று தேடினால் எளிதில் கண்ணில் படாத கஃபேக்களும் உண்டு. புத்தகக் கடை, செடி வளர்ப்புப் பண்ணை, அருங்காட்சியகம், விளையாட்டு வளாகம், பெரிய மரச்சாமான் கடை ஆகியவற்றுக்குள் இயங்கும் சிற்றுண்டிப் பகுதிகளைச் சொல்கிறேன். புறநகரில் நிலப்பரப்பு கூடுதலாகக் கிடைப்பதால் இத்தகைய இடங்கள் அங்கே அமைகின்றன. இவற்றின் முதன்மை வணிகம் வேறாக இருப்பதால், மேசையைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடி தனிக் கஃபேயில் இருக்கும் அளவுக்கு இருப்பதில்லை. வார நாள் முற்பகலில் பெரும்பாலும் அமைதியாகவும் இருக்கும். பலருக்கும் இவை நினைவுக்கு வருவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மூன்றாம் படி: வரைபடத்தில் சலித்தெடுங்கள்

தேடும் எல்லையைத் தொலைவால் வகுக்காமல் பயண நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். புறநகரில் நேர்க்கோட்டில் மிக அருகே தெரியும் கடைக்கு நெடுஞ்சாலையையோ ரயில் பாதையையோ சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பாதை ஒழுங்காக இருந்தால் தொலைவில் இருப்பது விரைவில் எட்டும். வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் சென்றடையக்கூடியவை என்று எல்லை வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு மேல் போனால், பயணத்தில் செலவாகும் நேரத்தை ஈடுகட்ட அங்கே அதிக நேரம் அமர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது.

கூகுள் மேப்ஸில் கஃபேக்களைத் தேடும்போது நட்சத்திர மதிப்பீட்டை முதன்மையாகக் கொள்ள வேண்டாம். அந்த மதிப்பீட்டை இட்டவர்களில் பலர் பானத்தையும் உபசரிப்பையும் மதிப்பிட்டவர்கள். மேசையையும் இணையத்தையும் மதிப்பிட்டவர்கள் சிலரே. அதைவிடப் பயன்படுவது, 2015-இல் அறிமுகமான, கடை எந்த மணியில் எவ்வளவு நிரம்பியிருக்கும் என்று காட்டும் பட்டை வரைபடம். இருப்பிடத் தகவலைப் பகிர ஒப்புக்கொண்ட பயனர்களின் தரவைத் தொகுத்து இது உருவாகிறது. ஆகவே வருகையாளர் குறைவாக உள்ள சிறிய புறநகர்க் கடைகளுக்கு இந்த வரைபடமே இல்லாமல் இருக்கலாம். இருக்கும் இடங்களில், நீங்கள் போக நினைக்கும் கிழமைக்கான பட்டையைத் தனியே பாருங்கள். திங்களும் வெள்ளியும் ஒன்றுபோல இருப்பதில்லை.

விமர்சனங்களைப் படிக்கும்போது, அண்மையில் எழுதப்பட்டவை முதலில் வருமாறு அடுக்கிக்கொண்டு, ‘வைஃபை’, ‘லேப்டாப்’, ‘பிளக்’, ‘சத்தம்’ ஆகிய சொற்களை அந்த விமர்சனங்களுக்குள்ளேயே தேடுங்கள். உங்கள் பகுதியில் எந்த மொழியில் மக்கள் எழுதுகிறார்களோ அந்த மொழிச் சொற்களையும் தட்டிப் பாருங்கள். குறை கூறி எழுதியவையே இங்கே அதிகம் உதவும். ‘எல்லோரும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அரட்டை அடிக்க இடமில்லை’ என்று ஒருவர் சலித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு அது நற்செய்தி.

அடுத்து, படங்கள். கடைக்காரர் ஏற்றிய படங்களில் கடை எப்போதும் அழகாகவே இருக்கும். வாடிக்கையாளர்கள் எடுத்தவற்றைப் பாருங்கள். கோப்பையை மறந்துவிட்டு அதன் பின்னணியைக் கவனியுங்கள். மேசையின் வடிவமும் உயரமும், நாற்காலிக்கு முதுகுச் சாய்வு இருக்கிறதா என்பதும், சுவரின் கீழ்ப்பகுதியில் பிளக் பாயிண்ட் தெரிகிறதா என்பதும், கூரையும் தரையும் என்ன பொருளால் ஆனவை என்பதும், யாராவது மடிக்கணினியோடு அமர்ந்திருக்கிறார்களா என்பதும் அங்கே தெரியும். இப்படிப் பார்த்தாலே பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

தன்னார்வலர்கள் 2004 முதல் தொகுத்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலும் கஃபேக்களுக்குக் கம்பியில்லா இணையம் உண்டா என்று குறிக்கும் வசதி இருக்கிறது; ஆனால் யாராவது குறித்திருந்தால்தான் அது அங்கே இருக்கும்.

எஞ்சியவற்றுக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். புறநகர்க் கடைகளில் திறக்கும், மூடும் நேரங்கள் இணையத்தில் இருப்பதற்கு மாறாக இருப்பது சாதாரணம். பிற்பகலிலேயே மூடிவிடும் கடைகளும் உண்டு. ‘இன்று எத்தனை மணி வரை திறந்திருக்கும்? ஓரிரு மணி நேரம் மடிக்கணினியில் வேலை செய்யலாமா?’ என்ற இரண்டு கேள்விகள் போதும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலின் தொனியிலிருந்தே அந்தக் கடையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் வரவேற்பைக் கணித்துவிடலாம்.

நான்காம் படி: முதல் முறை வேலைக்காகப் போகாமல் பார்வையிடப் போங்கள்

முதல் வருகையின்போது முடித்தே ஆக வேண்டிய வேலை எதையும் கையில் வைத்திருக்காதீர்கள். ஒரு மணி நேரம் போதும். ஆனால் நீங்கள் பின்னர் வேலை செய்ய நினைக்கும் அதே கிழமை, அதே மணிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்த்துவிட்டுச் செவ்வாய்க் காலையைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

உள்ளே நுழைந்ததும் கண்ணைவிடக் காதுக்கு முதலிடம் கொடுங்கள். சிமெண்ட் தரை, கண்ணாடிச் சுவர், திறந்த உயரமான கூரை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் ஓசை உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். பத்துப் பேர் இருந்தாலே முப்பது பேர் இருப்பது போன்ற இரைச்சல் எழும். திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை, புத்தக அலமாரி, மரப் பலகை ஆகியவை உள்ள கடை அதே கூட்டத்திலும் அடக்கமாக ஒலிக்கும். புறநகரின் புதிய கட்டடங்களில் பெரிய கண்ணாடிகளும் உயர்ந்த கூரைகளும் விரும்பப்படுவதால், படத்தில் மனத்தைக் கவரும் கடையே காதுக்குக் கொடுமையாக அமைவதுண்டு. காபிக்கொட்டை அரைக்கும் எந்திரமும் பாலை நுரைக்க வைக்கும் நீராவிக் குழாயும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றிலிருந்து விலகிய மேசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி இருந்தால் வெவ்வேறு மேசைகளில் வைத்துப் பாருங்கள். அது துல்லியமான கருவி இல்லையென்றாலும் ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிவிடும்.

மேசை உயரம் அடுத்தது. தட்டச்சு செய்ய ஏறத்தாழ 72 முதல் 76 சென்டிமீட்டர் உயர மேசையும் 45 சென்டிமீட்டர் அளவிலான இருக்கையும் பெரும்பாலோருக்குப் பொருந்தும். சோபாவுக்கு முன் இருக்கும் தாழ்ந்த மேசையில் குனிந்து வேலை செய்தால் கழுத்தும் முதுகும் விரைவிலேயே வலிக்கத் தொடங்கும். சன்னலோரத்தின் உயரமான பலகை அரைமணி நேர மின்னஞ்சல் வேலைக்கு ஆகுமே தவிர, நீண்ட அமர்வுக்கு ஆகாது. மேசையை லேசாக அழுத்தி ஆடுகிறதா என்றும் பாருங்கள். நடுவில் ஒற்றைக்கால் கொண்ட சிறிய வட்ட மேசையில் மடிக்கணினியும் கோப்பையும் ஒன்றாக இருப்பது கோப்பைக்கும் ஆபத்து, கணினிக்கும் ஆபத்து.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அலுவலகத்தில் எழுதவும் படிக்கவும் மேசைமேல் 500 லக்ஸ் அளவு வெளிச்சம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலை சொல்கிறது. மங்கலான விளக்குகளை விரும்பும் கஃபேக்களில் அது கிடைக்காது, எனவே பகல் வெளிச்சத்தை நம்ப வேண்டியிருக்கும். சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். முகத்துக்கு நேராக இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருப்பதே சரி. வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், காலையில் சரியாக இருந்த மேசை பிற்பகலில் சரிப்படாமல் போகலாம்.

கழிப்பறை எங்கே இருக்கிறது, சுத்தமாக இருக்கிறதா, குளிர்காற்று நேரே தலையில் படுகிறதா ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். வாகனத்தில் வருபவர் நிறுத்துமிடத்துக்குக் கால வரம்பு உண்டா என்று பலகையைப் படிக்க வேண்டும்; வணிக வளாகங்களில் இந்த வரம்பே உங்கள் அமர்வின் நீளத்தை முடிவு செய்துவிடும்.

ஐந்தாம் படி: இணையத்தை முறையாகச் சோதியுங்கள்

‘வைஃபை இருக்கிறது’ என்ற பலகையால் எதுவும் உறுதியாவதில்லை. வேகத்தை அளக்கும் தளங்களில் பலரும் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறைவடைகிறார்கள். காணொளிக் கூட்டத்தில் உங்கள் முகமும் குரலும் அடுத்தவருக்குத் தெளிவாகப் போய்ச் சேர்வது பதிவேற்ற வேகத்தைப் பொறுத்தது. ஃபாஸ்ட் டாட் காம் தளம் முதலில் பதிவிறக்க வேகத்தை மட்டுமே காட்டும்; கூடுதல் விவரம் கேட்டால்தான் பதிவேற்றமும் தாமத அளவும் தெரியும். ஜூம் நிறுவனம் தன் பயனர்களுக்குத் தரும் வழிகாட்டலில், 1080பி தரத்தில் குழுக் கூட்டம் நடத்த ஏறத்தாழ 3.8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 3.8 மெகாபிட்) பதிவேற்ற வேகத்தைக் குறிப்பிடுகிறது. குரல் மட்டும் என்றால் 60 முதல் 100 கேபிபிஎஸ் (எம்பிபிஎஸ்ஸின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு கேபிபிஎஸ்) போதுமானது. இதிலிருந்து ஒரு நடைமுறை வழி கிடைக்கிறது: இணையம் தடுமாறும்போது கூட்டத்தை விட்டு வெளியேறத் தேவையில்லை, உங்கள் காணொளியை நிறுத்தினாலே குரல் பெரும்பாலும் சீராகிவிடும்.

வேகத்தைப் போலவே தாமதமும் முக்கியம். உரையாடலில் ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு இடையூறு இருக்காது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. அதைத் தாண்டிச் செல்லும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் தொடங்கும் நிலை உருவாகிறது. கடை நிரம்பியிருக்கும்போது சோதித்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

கடையின் ஒரே இணைப்பு மேசைக்கு மேசை மாறித் தெரிவதற்குக் காரணம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவு வரை எட்டும், சுவரையும் ஓரளவு ஊடுருவும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் எட்டும் தொலைவு குறைவு. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையிலேயே இயங்குவதால், சமையலறைச் சுவரை ஒட்டிய மேசையில் அடுப்பு ஓடும்போதெல்லாம் இணைப்பு தள்ளாடக்கூடும். இரண்டு பெயர்களில் இணைப்பு தெரிந்தால் ரௌட்டருக்கு அருகே அமர்ந்து 5 கிகாஹெர்ட்ஸில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சில கடைகளில் ரசீதில் அச்சிட்ட குறியீட்டைத் தட்டினால்தான் இணைப்பு கிடைக்கும், குறித்த நேரத்துக்குப் பின் தானாகத் துண்டிக்கப்படும். அது ஒரு முக்கியமான கூட்டத்தின் நடுவில் நிகழாதபடி அந்தக் கால அளவை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அலுவலகத்தின் விபிஎன் (தகவலை மறையாக்கி அனுப்பும் பாதுகாப்பான இணைப்பு) அங்கே இயங்குகிறதா என்பதையும் முதல் வருகையிலேயே பார்க்க வேண்டும். சில இணைப்புகளில் அது தடுக்கப்பட்டிருக்கும், அப்படியென்றால் மற்ற எல்லாம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்தக் கடை உங்களுக்கு ஆகாது.

கைபேசி ஹாட்ஸ்பாட்டை மாற்றாக வைத்திருப்பவர்கள் அந்தக் கடைக்குள் சிக்னல் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரு திசையிலும் சேர்த்து 4 எம்பிபிஎஸ் செலவாகும் காணொளிக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் 1.8 ஜிபி தரவைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மின்சாரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளக் பாயிண்ட் உள்ள மேசை எது என்று பார்த்து, அதில் சார்ஜரைச் செருகி, மின்சாரம் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அலங்காரமாக மட்டும் இருக்கும் பிளக்குகளும் உண்டு. 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் ஏறத்தாழ 74 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கும்; மின்னழுத்த மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தாலும் ஒரு மெல்லிய மடிக்கணினியை ஒரு முறையளவுக்கு ஏற்ற அது போதும், பவர் பேங்க் மடிக்கணினிக்குத் தேவையான வாட் அளவைத் தரக்கூடியதாக இருந்தால்.

ஆறாம் படி: கடைக்காரரின் கணக்கையும் பாருங்கள்

நல்ல கஃபேயைக் கண்டுபிடிப்பதைவிட அதில் தொடர்ந்து வரவேற்கப்படுவது கடினம். எட்டு மேசைகள் மட்டுமே உள்ள கடையில் நான்கு மேசைகளில் நான்கு பேர் தனித்தனியே ஒரே ஒரு பானத்தோடு முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தால், கடையின் பாதி வருமானம் நின்றுவிடுகிறது. மடிக்கணினிகளுக்குச் சில கடைகள் தடை போடுவதற்கு இதுவே காரணம். அந்தத் தடையைக் குறைகூறுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டியவர் அவர்.

ஒரு மணி நேரத்துக்கோ ஒன்றரை மணி நேரத்துக்கோ ஒரு முறை ஏதாவது வாங்குவது நியாயமான அளவு. தனியாக வருபவர் நால்வர் மேசையைப் பிடிக்கக் கூடாது; மதிய நேரத்தில் கூட்டம் சேரத் தொடங்கினால் யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். பேச வேண்டிய அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசுங்கள். ஹெட்போன் அணிந்திருப்பதால் எதிர்முனைக் குரல் மட்டுமே மறைகிறது, உங்கள் குரல் கடை முழுவதும் கேட்கிறது.

கஃபேயில் வேலை செய்யும் வழக்கம் மடிக்கணினியோடு வந்ததில்லை என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1680-களில் லண்டனில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடையில் கப்பல் உரிமையாளர்களும் வணிகர்களும் காப்பீட்டாளர்களும் அமர்ந்து தொழில் செய்தார்கள். அவர்களுக்குத் தேவையான கப்பல் செய்திகளை அவர் திரட்டித் தந்தார். இன்றைய லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையின் தொடக்கம் அந்தக் கடைதான். வேலை செய்ய வந்தவர்களால் கடைக்காரரும் வளர்ந்தார். புறநகரில் அத்தகைய உறவுக்கு இன்றும் இடமிருக்கிறது, ஏனென்றால் வார நாள் முற்பகலின் காலி மேசைகள் அங்கே கடைக்காரருக்கும் கவலைதான். ‘எந்த நேரத்தில் நான் வந்தால் உங்களுக்கு வசதி?’ என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். நீங்கள் வரைந்த நேர அட்டவணையைவிடத் துல்லியமான அட்டவணை அவர்களிடமிருந்தே கிடைக்கும்.

ஏழாம் படி: தகவலையும் உடலையும் காத்துக்கொள்ளுங்கள்

பொது வைஃபையில் சேர்வதற்கு முன் இணைப்பின் சரியான பெயரைப் பணியாளரிடம் கேட்டுச் சரிபாருங்கள். அதே பெயரில் போலி இணைப்பு ஒன்றை யாரும் உருவாக்க முடியும். தானாக இணையும் வசதியையும் கோப்புப் பகிர்வையும் அணைத்துவையுங்கள். அலுவலகக் கோப்புகளைத் திறக்கும் முன் விபிஎன் இயங்கட்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் மேசையைத் தேர்ந்தெடுத்தால் திரையை எட்டிப் பார்க்கும் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. இயலாத இடங்களுக்குப் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் திரைத் தகடு உதவும். கழிப்பறைக்குப் போகும்போது மடிக்கணினியை எடுத்துக்கொண்டே போங்கள். பக்கத்து மேசைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்வது அவர்மேல் அவர் கேட்காத பொறுப்பைச் சுமத்துவதாகும்.

காபியின் அளவும் கவனிக்க வேண்டியது. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும் ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம் வரையும் காஃபின் கவலைக்குரியதில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் தெரிவித்தது. கருவுற்றிருப்பவர்களுக்கு நாள் அளவே 200 மில்லிகிராம்தான். உறங்குவதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் அருந்திய 400 மில்லிகிராம் காஃபின்கூட உறக்கத்தைக் குறைத்ததாக 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இடத்துக்காக வாங்கும் இரண்டாவது, மூன்றாவது பானத்தைக் காஃபின் இல்லாததாக மாற்றிக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, ஆறு மீட்டருக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது வினாடி பார்ப்பது கண்ணுக்கு நல்லது. சன்னலோர மேசையின் இன்னொரு பயன் அது.

எட்டாம் படி: ஒரே கடையை நம்பியிராதீர்கள்

சோதித்து முடித்த கடைகளைக் கைபேசிக் குறிப்பில் எழுதிவையுங்கள். கடையின் பெயரோடு பொருத்தமான கிழமையும் மணியும், நல்ல மேசை எது, பதிவேற்ற வேகம் எவ்வளவு, எந்த வேலைக்கு ஏற்றது, எப்போது மூடும் என்பவை அதில் இருக்க வேண்டும். நீண்ட எழுத்து வேலைக்கு ஒன்று, சில்லறை வேலைகளுக்கு ஒன்று, இரண்டும் கைவிட்டால் போவதற்கு ஒன்று என மூன்று கடைகள் இருந்தால் போதும். மூன்றாவதாக வைத்திருக்கும் கடை முதல் கடையிலிருந்து சில நிமிடத்தில் போய்ச் சேரக்கூடியதாக இருக்கட்டும். அது சுமாரானதாக இருந்தாலும் பரவாயில்லை.

புறநகர்க் கடைகள் எளிதில் மாறுபவை என்பதால் இந்தக் குறிப்பைச் சில மாதங்களுக்கு ஒரு முறை திருத்த வேண்டியிருக்கும். உரிமையாளர் மாறலாம், பிளக்குகள் மூடப்படலாம், அருகில் புதிய பள்ளியோ உடற்பயிற்சிக் கூடமோ வந்து கூட்டத்தின் நேரமே இடம் மாறலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் மேலே சொன்ன நேர அட்டவணை முழுவதுமே செல்லாமல் போய்விடும். முற்பகலிலும் குடும்பங்கள் வரும், நிலையத்தருகே இருக்கும் கடைகள் மட்டும் ஓரளவு பழைய ஒழுங்கில் இருக்கும். அந்த வாரங்களில் கஃபேயைக் கடை திறந்ததும் கிடைக்கும் முதல் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மீதி வேலையை நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள்.